மூன்றாம் அறையில் லியான் ரிக்பி

மூன்றாம் அறையிலிருந்து விசிறிச் சத்தம் கிளம்பியது. முதலில் ஒரு உறுமல், பிறகு ஒரே சீரான இரைச்சல். இருபத்தெட்டு வருடமாக அந்தச் சத்தத்துக்கு நடுவில் வாழ்கிறவள் கோலெட் ஹால்சல். தன் மூச்சுச் சத்தத்தை யாராவது உட்கார்ந்து கேட்பார்களா? அவளும் கேட்பதில்லை. ஆனால் அந்தப் புதன்கிழமை காலையில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் கவுன்டருக்கு முன்னால், மடியில் ஒரு ஃபைலும் கையில் பேனாவுமாக, நகராட்சி ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள யாரு?" என்று கேட்டார் அவர்.

"லியான் ரிக்பி. முப்பத்தொம்பது வயசு. ஒம்பது நிமிஷம். கடைசியா வந்தது வெள்ளிக்கிழமை. கண்ணுக்குக் கண்ணாடி குடுத்தாச்சு, படிவத்துல கையெழுத்து வாங்கியாச்சு." பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல ஒரே மூச்சில் ஒப்பித்தாள் கோலெட்.

"நல்லது," என்று எழுதிக்கொண்டார்.

நாற்காலிகளில் வரிசையாகக் காத்திருந்த பெண்கள் அத்தனை பேரும் பெருமூச்சு விட்டார்கள். நானும்தான். அடுத்த கடையில் சலவை மெஷின்கள் வைத்திருப்பவள் நான். துவைத்த துண்டுகளைக் கொடுக்க வந்தவள், அந்தப் பரபரப்பை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் சுவரோரமாக நின்றுவிட்டேன்.

பரபரப்பு என்றால் சாதாரணப் பரபரப்பா! வெள்ளிக்கிழமை ஏன்ட்ரி மைதானத்தில் குதிரைப் பந்தயம், பெண்கள் அலங்கரித்துக்கொண்டு போகிற லேடீஸ் டே. லிவர்பூலில் பிறந்த எந்தப் பெண்ணும் அன்றைக்கு வெளுத்த காலோடு வெளியே கால் வைக்க மாட்டாள். அதே வாரத்தில்தான் நகராட்சியின் புது விதியும் வந்து விழுந்திருந்தது. இனி சன்பெட் கடைக்கு, அதாவது விளக்கு வெளிச்சத்தில் படுத்துத் தோலுக்குப் பழுப்பு நிறம் ஏற்றும் கடைக்கு, உரிமம் வேண்டும். கவுன்டரில் ஆள் இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் அறைக்குள் கால் வைக்கக் கூடாது. ஒருவர் படுத்து எழுந்தால் இரண்டு நாள் இடைவெளி விட வேண்டும். உரிமம் கிடைக்காத கடை அந்த நிமிடமே மெஷின்களை நிறுத்திவிட வேண்டும்.

உரிமம் கொடுக்க வந்தவர் பெயர் கெதின் பியூ. வேல்ஸ்காரர், முப்பது வயதுகூட இருக்காது. செம்பட்டை முடி, பால் வெள்ளை முகம், அதில் வாரி இறைத்தது போலப் பழுப்புப் புள்ளிகள்.

"இந்தப் பையனை ஜன்னல் பக்கம் உக்கார வைக்காதே கோலெட், வெந்துடுவான்," என்றாள் ஷீலா. அறுபது வயது. தலை நிறைய முடி சுருட்டும் ரோலர், கையில் பாதி கடித்த சாசேஜ் ரோல்.

"வெளியே மழை பெய்யுது ஷீலா."

"மழையிலயும் வெந்துடுவான். மூஞ்சியப் பாத்தா தெரியல?"

பியூவின் காது சிவந்தது. ஆனாலும் பேனா நிற்கவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி போட்டுக்கொண்டே போனார். குறி விழ விழக் கோலெட்டின் முகத்தில் வெளிச்சம் கூடிக்கொண்டே வந்தது.

கோலெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறந்தது வளர்ந்தது எல்லாம் வால்டனில்தான், இந்தக் கடையிலிருந்து நாலு தெரு தள்ளி. பதினாறு வயதில் பிஸ்கட் தொழிற்சாலை. எட்டு வருடம் உடைந்த பிஸ்கட்டைப் பொறுக்கிப் பொறுக்கி விரல் மரத்துப்போன பிறகு, தொண்ணூற்று ஆறில் இங்கே கவுன்டருக்கு வந்தாள். கதவைத் திறந்தாலே கதகதப்பு, தேங்காய் எண்ணெய் வாசனை, வானொலியில் பாட்டு. வெளியே வானம் சாம்பல் நிறம், உள்ளே ஆறு அறையிலும் ஆறு சூரியன். சொர்க்கத்தின் வாசலில் வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தாள். பிறகு முதலாளியம்மா ஓய்வுபெற்று ஸ்பெயினுக்குப் போனபோது கடையும் அவள் கைக்கே வந்தது. கணவன் வின்னி ஒரு நாள் பால் வாங்கப் போனவன் பர்மிங்ஹாமில் குடியேறிவிட்டான். அவள் அழவில்லை. மதிய இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்தாம் அறையில் படுத்தாள். எதற்கு என்றாலும் அவள் படுத்தது அங்கேதான். பிறந்தநாளா? படு. மனசு சரியில்லையா? படு. ஜனவரி மாதத்திலும் தேக்குமரக் கதவு போலப் பளபளவென்று இருப்பாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வாள், "உனக்கென்னடியம்மா, பொறக்கும்போதே வாங்கிட்டு வந்துட்டே. நாங்கல்லாம் நிமிஷக் கணக்குல வாங்க வேண்டியிருக்கு."

ஆமாம், எங்கள் தெருவில் நிமிடம்தான் நாணயம். பெண்கள் நூறு நிமிடம், இருநூறு நிமிடம் என்று மொத்தமாக வாங்கிப் போட்டு வைப்பார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பெயர் போதும். அம்மா பெயரில் வாங்கினால் அதில் தங்கை வருவாள், நாத்தனார் வருவாள், கல்யாணப் பெண் வருவாள். "எங்கம்மா பேர்ல போட்டுக்கோ" என்று சொன்னால் முடிந்தது. யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை. பாலும் சர்க்கரையும் பகிர்ந்துகொள்வது போலத்தான் இதுவும். அந்த வழக்கத்தைக் கோலெட்டும் எத்தனையோ வருடம் சிரித்துக்கொண்டே நடத்தியிருந்தாள். விடுமுறைக்கு ஸ்பெயின் போகிற பெண்களிடம், "போறதுக்கு முன்னாடி ஒரு சுத்து நிறம் ஏத்திக்கோ ராசாத்தி, அப்பதான் அங்க வேகாம இருப்பே," என்று அவளேதான் சொல்லி அனுப்புவாள். எங்கள் ஊரில் அதைத் தடுப்பூசி மாதிரி நம்புவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் மாறிப்போனாள். ஒரு மாதம் கடைக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது நொண்டினாள். "நாய் கடிச்சிடுச்சு," என்றாள். அதிலிருந்து பாவாடை கிடையாது. கோடையிலும் நீளக் கால்சட்டைதான். மதியம் ஐந்தாம் அறைக்கும் போவதில்லை. வயதுக்கு அத்தாட்சி காட்டாத பெண்ணை, அது யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், வாசலோடு திருப்பி அனுப்பினாள். "நாய் கடிச்சதுல புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று தெருவே பேசிக்கொண்டது.

சரி, அந்தப் புதன்கிழமைக்கு வருவோம்.

பியூ பேனாவை மூடினார். ஃபைலிலிருந்து மஞ்சள் காகிதம் ஒன்றை உருவினார். "எல்லாம் ஒழுங்கா இருக்கு மிஸஸ் ஹால்சல். இந்த வாரம் நான் பார்த்த கடைகள்ல முதல் தரம் உங்க கடைதான். அலமாரியில இருக்கிற கண்ணாடிகளை மட்டும் ஒரு தடவை எண்ணிப் பாத்துட்டு, கையெழுத்துப் போட்டுடறேன்."

ஷீலா கை தட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். கோலெட் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர்!

பியூ எழுந்து மூலையில் இருந்த அலமாரிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கண்ணாடிகளை எண்ணத் தொடங்கினார்.

அப்போது தெருக் கதவு திறந்தது. குடையை உதறிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். வேலை பார்க்கிற பேக்கரியின் மேலங்கி, கன்னத்தில் மாவு.

லியான் ரிக்பி.

கோலெட் அவளைப் பார்த்தாள். மூன்றாம் அறையின் மூடிய கதவைப் பார்த்தாள். மறுபடியும் அவளைப் பார்த்தாள். அந்த முகத்தில் மிச்சமிருந்த நிறமும் எங்கே போனதென்று தெரியவில்லை.

லியான் கவுன்டரில் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, கண்ணடித்தாள். "நம்மாளு உள்ள போயிட்டாளா?"

"யாரு?"

"டெமிதான். என் கவுனைப் போட்டு அனுப்பினேன். நீ தலையைக்கூடத் தூக்கலயாமே! 'மூணுக்குப் போ ராசாத்தி'ன்னு சொன்னியாம். இப்பதான் மெசேஜ் போட்டா, விழுந்து விழுந்து சிரிச்சேன்."

அந்தச் சிறுத்தைப்புள்ளி கவுன்! வால்டன் முழுக்க அந்த கவுனைத் தெரியும். லேடீஸ் டே வாரத்தில் எங்கள் பெண்கள் தலையில் ரோலரோடும் வீட்டு கவுனோடும் தெருவில் நடப்பது ஒன்றும் புதிதில்லை. ஆய்வாளருக்காகக் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்த கோலெட் கவுனைப் பார்த்தாள், ரோலரைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. படிவத்தில் விழுந்த கையெழுத்தையும் பார்க்கவில்லை. ஆளைப் பார்த்து அனுப்பவில்லை, கவுனைப் பார்த்து அனுப்பிவிட்டாள்!

லியானின் மகள் டெமிக்குப் பதினைந்து வயது.

"லியான்… அவ சின்னப் பொண்ணு."

"ஒரே ஒரு தடவைதானே. பந்தயத்துக்கு முதுகு தெரியற டிரெஸ் எடுத்திருக்கா. பச்சப் பாலாட்டம் நிக்கச் சொல்றியா? வாய மூடிக்கிட்டு இரு. முடிஞ்சதும் பின்பக்கமா அனுப்பிடு. அந்தச் செம்பட்டைக்கு என்ன தெரியப் போகுது?"

கவுன்டரின் உட்புறத்தில் சின்னப் பெட்டி ஒன்று உண்டு. ஆறு அறைக்கும் மிச்ச நிமிடம் காட்டும் ஆறு சிவப்பு எண்கள், ஓட்டவும் நிறுத்தவும் ஆறு பொத்தான்கள். மூன்றாவது எண் ஆறில் நின்றது. ஆறு நிமிடம்! வெறும் ஆறு நிமிடம் பேசாமல் இருந்தால் போதும். மஞ்சள் காகிதத்தில் கையெழுத்து விழும். கடை பிழைக்கும். இருபத்தெட்டு வருடம் பிழைக்கும். அழுத்தினாலோ, இந்த வாரமும் போச்சு, கடையும் போச்சு.

பியூ எண்ணிக்கொண்டிருந்தார். "பதினொண்ணு… பன்னெண்டு…"

எண் ஐந்தானது.

அவள் கால் அந்த நேரத்தில் வலித்ததாம். பிறகு என்னிடம் அவளே சொன்னாள். நாய் கடித்ததாகத் தெருவுக்குச் சொன்ன அந்தக் கால். உண்மையில் எந்த நாயும் அவளைக் கடிக்கவில்லை. கெண்டைக்காலில் ஒரு மச்சம் பெரிதானது, ஓரம் கலைந்தது, கறுத்தது. தோல் புற்று என்றார்கள். உள்ளங்கை அகலத்துக்குத் தோண்டி எடுத்து, தொடையிலிருந்து தோலைச் சீவி மூடினார்கள். "சன்பெட்ல படுக்கற பழக்கம் உண்டா?" என்று கேட்டாள் டாக்டரம்மா. கோலெட் சிரித்தாளாம், பிறகு அழுதாளாம். "இதனாலதான்னு சத்தியம் பண்ண முடியாது," என்றாள் அந்த டாக்டரம்மா. "ஆனா ஒவ்வொரு தடவை நிறம் ஏறும்போதும் தோல் அடி வாங்குது. எவ்வளவு சின்ன வயசுல ஆரம்பிக்கிறாங்களோ, அவ்வளவு ஆபத்து." கடைக்காரி அதை எப்படித் தெருவுக்குச் சொல்வாள்? தன் வயிற்றில் தானே எப்படி அடித்துக்கொள்வாள்? அதனால்தான் அந்த நாய்.

"பதினேழு… பதினெட்டு…"

கோலெட்டின் விரல் மூன்றாம் பொத்தானுக்குப் போனது. லியான் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "கோலெட், பைத்தியமா நீ? உன் கடைடி!"

கோலெட் அழுத்திவிட்டாள்.

"அய்யோ! லைட்டு போச்சு! அம்மா… கோலெட்… யாராவது இருக்கீங்களா?"

மூன்றாம் அறையிலிருந்து வந்த அந்தக் கீச்சுக்குரலைக் கேட்டு பியூ மெதுவாகத் திரும்பினார். முப்பத்தொன்பது வயதுப் பெண்ணின் குரலா அது? அவர் கோலெட்டைப் பார்த்தார்.

"மிஸ்டர் பியூ," என்றாள் கோலெட். "கையெழுத்துப் போடாதீங்க. உள்ள இருக்கிறது லியான் இல்ல. அவ பொண்ணு. பதினஞ்சு வயசு. நான்தான் உள்ள அனுப்பினேன். முகத்தைப் பாக்காம அனுப்பினேன்."

கடை வெடித்தது. ஒரே நேரத்தில் எல்லாரும் கத்தினார்கள். அறைக் கதவு திறந்து, சிறுத்தைப்புள்ளி கவுனும் தலையில் ரோலருமாக டெமி வந்து நின்றாள். பாதி சிவந்த முகம், பொம்மைக்குப் போட்டது போலப் பெரிய கண்ணாடி. லியான் கவுன்டரை ஓங்கிக் குத்தினாள்.

"துரோகி! நீயா பேசறே? நீயா? தொண்ணூத்தொம்பதுல எனக்கு என்ன வயசு? பதினாலு! ஸ்கூல் சட்டையோட வந்தேன். யாருடி என்னை உள்ள அனுப்பினது? 'முதல் தடவை சும்மா படு ராசாத்தி'ன்னு சொல்லி, கையில ஹாம் சாண்ட்விச்சையும் குடுத்து அனுப்பினது யாரு? இப்ப என் பொண்ணுக்கு மட்டும் சட்டம் பேச வந்துட்டியா!"

வானொலிகூட அந்த நேரம் பார்த்து இரண்டு பாட்டுக்கு நடுவில் நின்றது.

கோலெட் யாருமே எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தாள். கவுன்டரைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினாள். அந்தக் காலைத் தூக்கிக் கவுன்டரின் மேல், மஞ்சள் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கெண்டைச் சதை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி. மேலே பளபளவென்று, சுருங்கிய, வேறு யாருடையதோ போன்ற தோல்.

"ஆமா லியான். நான்தான் அனுப்பினேன். உன்னை மட்டுமா? ஷீலா பொண்ணு, ஷீலாவோட தங்கச்சி, இந்தத் தெருவுல பாதிப் பேரு. அப்ப எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும். இது நாய் கடிச்சது இல்ல. புத்துநோய். தோலுக்கு வர்றது. ரெண்டு வருஷமா உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். ஏன்னா எனக்குக் கடை வேணும். இப்பவும் வேணும். ஆனா உன் பொண்ணோட கால் இப்படி ஆறதுக்கு என் கையால பொத்தான் அழுத்த மாட்டேன்டி. மாட்டேன்!"

டெமி கண்ணாடியைக் கழற்றினாள். குழியைப் பார்த்தாள். கவுனை இறுக்கிக்கொண்டாள். லியான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தாள்.

ஷீலாதான் முதலில் பேசினாள். "அப்படின்னா… ரெண்டு வருஷமா எங்க தங்கச்சி வீட்டு நாயையா நாங்க எல்லாரும் திட்டிட்டிருந்தோம்?"

"நான் எந்த நாயின்னு சொல்லவே இல்லையே ஷீலா!"

"அதுதான்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம்! பாவம், அதுக்கு வாய்மூடி மாட்டித்தான் வாக்கிங் கூட்டிட்டுப் போறா!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள், திட்டிக்கொண்டிருந்தவளும் சிரித்தாள். கோலெட் ஒற்றைக் காலில் நின்றபடியே சிரித்துக்கொண்டு அழுதாள்.

பியூ மட்டும் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து நிமிர்ந்தார். "மிஸஸ் ஹால்சல், நீங்களாவே நிறுத்தினீங்க, நீங்களாவே சொன்னீங்க. அதையும் எழுதியிருக்கேன். ஆனா விதி விதிதான். இன்னைக்கு உரிமம் கிடையாது. ஆறு மெஷினையும் இப்பவே நிறுத்தணும். இருபத்தெட்டு நாள் கழிச்சுத் திரும்ப விண்ணப்பிக்கலாம். ஒரு பேருக்கு ஒரே ஆள், புகைப்படத்தோட. வீட்டுக்கு ஒரு பேரெல்லாம் இனி நடக்காது."

"இருபத்தெட்டு நாளா! ஏன்டா தம்பி, நாளன்னிக்கு ஏன்ட்ரி!" என்று அலறினாள் ஷீலா. "நான் தயிர்ச்சட்டி மாதிரி காலை வச்சிக்கிட்டுப் போய் நிக்கணுமா? உனக்கென்ன, நீ வெள்ளையாவே இருந்து பழகிட்டே!"

"ஷீலா, அந்தப் புள்ளய விடு. அவன் வேலையத்தான் அவன் செய்யறான்," என்றாள் கோலெட்.

பெட்டியின் பின்னால் இருந்த பெரிய சுவிட்சை அவளே கீழே இறக்கினாள். மூன்றாம் அறையில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்த விசிறி அடங்கியது, பெட்டியின் ஆறு எண்களும் அணைந்தன. அந்தக் கடையில் அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அய்யோ, அந்த முகம்! இரண்டு வருடமாகத் தலையில் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவளின் முகம் அது. கண்கள் ஜொலித்தன.

"மிஸ்டர் பியூ, நிறுத்தணும்னு சொன்னது மெஷினைத்தானே? கடையை இல்லையே?"

"மெஷினைத்தான்."

"ஸ்ப்ரே அடிக்கலாமா?"

அவர் ஃபைலைப் புரட்டினார். "ஸ்ப்ரே… அதுக்கு இந்த விதியில ஒண்ணும் இல்ல. அது தோல் மேல பூசற சாயம்தானே. தாராளமா அடிங்க."

கோலெட் உள்ளே ஓடினாள். நொண்டிக்கொண்டே ஓடினாள்! போன வருடம் வாங்கி, "யாருக்கு வேணும் இந்தக் குப்பி நிறம்" என்று எல்லாரும் சிரித்ததால் பிரிக்கவே பிரிக்காத பெட்டி ஒன்று பின்னறையில் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே மடக்குக் கூடாரம், சின்ன மோட்டார், துப்பாக்கி போல ஒரு கைப்பிடி, பழுப்புக் குப்பிகள்.

"யாருக்கெல்லாம் வெள்ளிக்கிழமை காலு வேணும்? ஆளுக்குப் பத்து நிமிஷம்! உங்க பழைய நிமிஷமெல்லாம் இதுல கழிச்சுக்கலாம்!"

"அடிச்சுப் பழக்கம் இருக்கா உனக்கு?" என்று சந்தேகமாகக் கேட்டாள் ஷீலா.

"ரெண்டு நாள் வகுப்புக்குப் போனேன். அங்க மூணு பேருக்கு அடிச்சிருக்கேன். ஒருத்திக்கு மட்டும் ஆரஞ்சுப் பழம் மாதிரி ஆச்சு."

"நான் ரெண்டாவதா வரேன். முதல்ல வேற எவளாவது போகட்டும்."

யாரும் அசையவில்லை. எல்லோர் கண்ணும் லியான் மேல் திரும்பியது. அவள் கன்னத்து மாவைத் துடைத்துக்கொண்டு, மகளைப் பார்த்து, "அங்க உக்காரு. வீட்டுக்குப் போய் உனக்கு இருக்கு," என்றாள். பிறகு கோலெட்டைப் பார்க்காமலே, "எனக்கு அடி முதல்ல. ஆரஞ்சு ஆனேன்னா உன்னைக் கொன்னுடுவேன்," என்று கூடாரத்துக்குள் போனாள்.

இரண்டாம் அறையின் கட்டிலை ஓரம் தள்ளிக் கூடாரத்தை நிறுத்தியிருந்தார்கள். திரைக்கு வெளியே நாங்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். மோட்டார் உறுமியது. "அய்யோ சில்லுனு இருக்கு!" என்று லியான் கத்தினாள். நாங்கள் கைகொட்டினோம். "திரும்பு," என்றாள் கோலெட்.

மோட்டார் நின்றது.

"லியான். இது எப்ப வந்துது?"

"எது?"

"தோள்பட்டைக்குக் கீழ. கறுப்பா. ஒரு பக்கம் மட்டும் விரிஞ்சிருக்கு."

"எனக்கென்ன முதுகுலயா கண்ணு இருக்கு? நீதான் பாத்திருப்பியே, இருபத்தஞ்சு வருஷமா வரேன்."

"நான் எங்கடி பாத்தேன்? நீங்க கதவைச் சாத்திக்கிட்டு உள்ள போவீங்க, நான் வெளிய உக்காந்து நிமிஷத்தை எண்ணுவேன். ஒருத்தி முதுகையும் நான் பாத்ததில்ல. இன்னைக்குத்தான் முதல் தடவை பாக்கறேன்."

டெமி நாற்காலியை விட்டு எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அது… அதுவா இருக்குமா கோலெட்?" லியானின் குரல் பதினாலு வயதுக்குப் போய்விட்டது.

"எனக்குத் தெரியாது ராசாத்தி. நான் டாக்டர் இல்ல. பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஆனா நாளைக்குக் காலைல எட்டு அடிக்கும்போது நீ கிளினிக்குக்குப் போன் போடறே. லைன் கிடைக்கற வரைக்கும் போடறே. அந்த இடத்துல இப்ப நான் ஸ்ப்ரே அடிக்க மாட்டேன், டாக்டர் நல்லாப் பாக்கட்டும். பேனா ஒண்ணு குடுங்கடி யாராவது, சுத்தி வட்டம் போட்டு விடறேன்!"

திரைக்கு மேலே ஒரு கை நீண்டது. பேனாவைக் கொடுத்தவர் பியூ.

கொஞ்ச நேரத்தில் லியான் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். தேன் நிறத்தில் ஜொலித்தாள். ஆரஞ்சு ஆகவில்லை! டெமி ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாள். "தொடாதே, ஈரம்! சாயம் ஒட்டிக்கும்!" என்று லியான் கையை அகல விரித்துக்கொண்டு நின்றாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. "எட்டு மணிக்கு நான் போன் போடறேன்மா. நீ எப்பவும் மறந்துடுவே," என்றாள் டெமி.

"அடுத்தது!" என்று உள்ளிருந்து கோலெட்டின் குரல். என்ன குரல் அது! திருவிழாவில் கூவுகிறவள் குரல். "உள்ள வந்தா முன்னும் பின்னும் எல்லா மச்சத்தையும் பாப்பேன், சம்மதம்னா வாங்க! ஷீலா, வா!"

"என்னோடதை எல்லாம் பாக்கணும்னா சாப்பாடு கட்டிக்கிட்டு வரணும்டி," என்று ரோலர்களைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள் ஷீலா. வாசலில் மேலும் ஏழெட்டுப் பேர் குடையோடு வந்து சேர்ந்திருந்தார்கள். செய்தி அதற்குள் பேக்கரி வரைக்கும் போயிருந்தது. நான் துண்டுகளைப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தேன்.

பியூ காகிதங்களை அடுக்கினார். கோலெட் துப்பாக்கியும் கையுமாக வெளியே வந்து, பழுப்பு விரலோடு, மெஷினை நிறுத்தச் சொல்லும் நோட்டீஸில் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தில் அவள் கட்டைவிரல் அச்சாக விழுந்தது.

"இருபத்தெட்டு நாள் கழிச்சுத் திரும்ப வரேன் மிஸஸ் ஹால்சல்."

"டீ குடிக்க வாங்க. மெஷினைப் பாக்க வராதீங்க, இருக்காது. ஆறையும் வித்துத் தொலைக்கப் போறேன். இல்ல, விக்கவும் மாட்டேன், வேற எவளாவது வாங்கிப் படுப்பா. பழைய இரும்புக்காரன் கிட்டப் போட்டுடறேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க பிழைப்பு."

"ரெண்டு வருஷமா அதைத்தான் தம்பி யோசிச்சேன்."

திரைக்குப் பின்னாலிருந்து ஷீலா கூவினாள். "கோலெட்! அந்தப் பையன் போறதுக்குள்ள அவன் சட்டையைக் கழட்டச் சொல்லு! அந்த முதுகை முதல்ல பாரு! அத்தனை புள்ளியையும் யாரு எண்றது?"

கடையே ஊளையிட்டுச் சிரித்தது. பியூ காது நுனி வரைக்கும் சிவந்துபோனார். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டார், ஒரு கை கோட்டின் உள்துணியில் போய் மாட்டிக்கொண்டது, டெமி எடுத்துவிட்டாள். "வருஷா வருஷம் டாக்டர்கிட்ட காட்டறேன்," என்று முணுமுணுத்தார்.

"பாத்தியா, புத்திசாலிப் பையன்!" என்றாள் கோலெட். "இந்தா, மழையில நனையாதே. குடை வச்சிருக்கியா?"

"இருக்கு."

நோட்டீஸைக் கண்ணாடிக் கதவின் வெளிப்புறத்தில் ஒட்ட வேண்டும் என்பது விதி. அவர் வெளியே போய், கோட்டு நுனியால் ஈரத்தைத் துடைத்து, நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். கண்ணாடி வழியாகக் கோலெட்டைப் பார்த்து ஒரு முறை தலையசைத்தார். கோலெட் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டினாள். அவர் கதவை இழுத்துச் சாத்திவிட்டு மழையில் நடந்தார்.